உகரச் சுட்டும் ஒரு ரிமோட்டும்

தமிழில் 'தொலை' என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. பெயராக நின்றால் தூரம். வினையாக நின்றால் காணாமற்போதல். தொலைபேசி, தொலைக்காட்சி என்று கலைச்சொல் ஆக்கியவர்கள் முதற்பொருளை மட்டுமே மனத்திற் கொண்டிருப்பார்கள். புழக்கத்தில் இரண்டாம் பொருளும் கூடவே வந்து சேர்ந்துகொள்கிறது. தொலையியக்கி என்று கலைச்சொற் பட்டியல்களில் காணப்படும் கருவியை வீட்டில் எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. எல்லோருக்கும் அது ரிமோட்தான். ஆயினும் நாள்தோறும் மெத்தைக்கடியில் தொலைவதில் மட்டும் அது தன் தமிழ்ப் பெயருக்கு விசுவாசமாகவே இருந்து வருகிறது.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை ஒட்டிய ஊரொன்றில் தனியே வாழும் என் தந்தைக்காக ஓர் ரிமோட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை ஏற்பட்டபோதுதான் இந்தச் சொல்லைப் பற்றி இவ்வளவு எண்ண நேர்ந்தது. அவர் மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் சமவெளிக்கு இறங்கி வரவில்லை. அம்மா மறைந்த பின்னரும் வரவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலக்கையின் பிடியைக் குறைத்துவிட்டது. நடை மீண்டது, விரல்கள் முழுமையாக மீளவில்லை. சென்ற ஆண்டு ஓர் இரவு, மின்விளக்கின் சுவிட்சைத் தேடிச் சுவரோரம் நடந்தவர் விழுந்தார். எலும்பு முறிவு இல்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கு நடக்கத் தொடங்கியது. அப்பா மலையிலேயே இருக்கலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு. பெங்களூருவில் மென்பொருள் துறையில் இருக்கும் என் தம்பி ஒரு சமரசம் கண்டான். "வீட்டையே ஆட்டோமேஷன் பண்ணிடலாம் அக்கா. எல்லாத்தையும் நாம ஃபோன்ல பாத்துக்கலாம்" என்றான்.

அவன் சொன்னதில் 'நாம' என்ற சொல்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

*

ஜவ்வாது மலைக்கு ரிமோட் வந்த வரலாறு நீண்டதன்று. தமிழக அரசு 2006 செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டிகள். 2011இல் ஆட்சி மாறித் திட்டம் நிற்கும் வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அவை சென்று சேர்ந்தன. அத்திட்டத்தின் அரசியலைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது; பெட்டியோடு வந்த ரிமோட்டைப் பற்றி எவரும் எழுதியதாக நினைவில்லை. மலைக் கிராமங்களின் பல வீடுகளில் ஒரு பொருளைத் தொடாமலேயே இயக்கலாம் என்னும் அனுபவம் அந்தக் கைப்பிடியளவு கருவியின் வழியாகத்தான் முதன்முதலில் நிகழ்ந்தது. பெரும்பாலான வீடுகளில் அதன் பாலித்தீன் உறையைக் கழற்றவே இல்லை. சாமை புடைக்கும் தூசும் அடுப்புப் புகையும் அண்டாமல் அது பூசைப் பொருள் போலக் காக்கப்பட்டதை அப்பாவுடன் சென்று கண்டிருக்கிறேன். எட்டாத மாடத்தில் வைத்து, வீட்டின் மூத்தவர் மட்டுமே எடுத்துத் தருவார். ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் மாலைப்பொழுது இருந்தது.

பின்னர் இரண்டாவது ரிமோட் வந்தது. சமவெளியில் அரசு கேபிள் நிறுவனம் 2017இல் டிஜிட்டல் முறைக்கு மாறிச் செட்டாப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. கம்பி ஏற முடியாத மலை மூலைகளில் வீட்டுக்கூரைமேல் டிஷ் குடைகள் விரிந்தன. டிவியை உயிர்ப்பிக்க ஒன்று, சேனலை மாற்ற இன்னொன்று. ஒலியைக் கூட்டுவது எது என்பதில் நிரந்தரக் குழப்பம். அண்மை ஆண்டுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் புதுவகை மின்விசிறிகள் வந்து, விசிறிக்கும் ஒரு ரிமோட் சேர்ந்தது. மூன்று ரிமோட்டுகள், ஏறத்தாழ நூறு பொத்தான்கள். அப்பா அன்றாடம் பயன்படுத்துபவை எட்டு.

உலக வரலாற்றில் இக்கருவியின் தொடக்கம் சுவையானது. அமெரிக்காவின் ஸெனித் நிறுவனம் 1950இல் வெளியிட்ட முதல் டிவி ரிமோட்டுக்கு 'சோம்பல் எலும்புகள்' என்று பொருள்படும் பெயர். நீண்ட கம்பியால் பெட்டியோடு கட்டப்பட்டிருந்தது. கம்பி தடுக்கி மனிதர்கள் விழுந்தார்கள். 1955இல் யூஜின் பாலி ஒளிக்கற்றையால் இயங்கும் ஒன்றைச் செய்தார்; வெயில் பட்டால் டிவி தானாகச் சேனல் மாற்றிக்கொண்டது. 1956இல் ராபர்ட் ஆட்லர் செய்ததற்கு மின்கலமே கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி அலுமினியத் தண்டைத் தட்டும். மனிதச் செவிக்கு எட்டாத அந்த ஒலியைப் பெட்டி கேட்டுக்கொள்ளும். அதற்கும் ஒரு குறை இருந்தது. வேறு உலோகங்கள் குலுங்கும் ஒலிக்கும் பெட்டி சில வேளை பதில் சொல்லிவிடும். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இவ்வகைதான் ஆண்டது. அதன்பின் அகச்சிவப்புக் கதிர் வந்து நிலைத்தது.

அகச்சிவப்பு நிலைத்ததற்குச் சிக்கனம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அது சுவரைத் தாண்டாது. பக்கத்து வீட்டு டிவியை நம் ரிமோட் தொந்தரவு செய்யாது. ஒரு குறைபாடே பண்பாடாக அமைந்துவிட்ட கதை இது. அந்த அறையில் இருப்பவர் மட்டுமே அந்த அறையை இயக்க முடியும். இந்த எல்லையை நான் பின்னர் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

*

எல்லாவற்றையும் இயக்கும் ஒற்றை ரிமோட்டை 'யுனிவர்சல் ரிமோட்' என்கிறார்கள். கடைகளில் கிடைப்பவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, உலகிலுள்ள நிறுவனங்களின் குறிகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வருவது. நம் பெட்டியின் எண்ணைத் தாளில் தேடி உள்ளிட வேண்டும். இரண்டாம்வகை, கற்றுக்கொள்ளும் ரிமோட். பழைய ரிமோட்டையும் புதியதையும் நெற்றியோடு நெற்றி முட்டுமாறு வைத்து, ஒன்றில் பொத்தானை அழுத்தினால் மற்றது அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நம்மூர்ச் செட்டாப் பெட்டிகளுக்கும் விசிறிகளுக்கும் முதல்வகையின் பட்டியல்களில் பெரும்பாலும் இடமில்லை. ஆகவே இரண்டாம் வகையே நமக்கு உகந்தது. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.

அவை பேசிக்கொள்ளும் மொழியை அறிந்தபோது ஓர் இலக்கண மாணவிக்குரிய மகிழ்ச்சி ஏற்பட்டது. ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. அறையிலுள்ள மற்ற ஒளிகளிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்ட அது. பரவலாக வழங்கும் ஒரு முறையில், முதலில் 9 மில்லி விநாடி நீளமான ஒரு விளி. பின்னர் ஒரு சிறு மௌனம். அதன்பின் யாருக்குச் சொல்கிறோம் என்பது. உடனே அதன் எதிர்மறை. பிறகு என்ன செய்யவேண்டும் என்பது. மீண்டும் அதன் எதிர்மறை. உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் ஒன்றையே இருமுறை கூறி, இரண்டும் பொருந்தினால் மட்டுமே பெட்டி பணிகிறது. விளி, எழுவாய், பயனிலை, ஐயம் நீக்கல். இருபது சொற்களுக்கு மேற்படாத ஒரு மொழிக்கு இது போதுமான இலக்கணம்.

வாங்க எண்ணும் நண்பர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். உங்கள் விசிறியின் ரிமோட் அகச்சிவப்பா, வானொலி அலையா என்று முதலில் பாருங்கள். கையால் முனையை நன்றாக மூடியோ அடுத்த அறையிலிருந்தோ அழுத்தும்போதும் விசிறி பணிந்தால் அது வானொலி அலை. கற்கும் ரிமோட் அதைக் கற்காது. கைப்பேசியின் ஒளிப்படக் கருவியை ரிமோட்டின் முனைக்கு நேரே பிடித்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு பல கைப்பேசிகளில் ஊதா வெளிச்சமாகத் தெரியும். பழுது ரிமோட்டிலா பெட்டியிலா என்று அறிய இதைவிட எளிய வழியில்லை. மின்கலத்தைக் கழற்றினால் கற்றதெல்லாம் மறந்துபோகும் மலிவான ரிமோட்டுகளும் உண்டு. கடையிலேயே கழற்றிப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒரே பொத்தானில் டிவியையும் செட்டாப் பெட்டியையும் சேர்த்து இயக்கும் வசதியைக் கடைக்காரர் பெரிதாகச் சொல்வார். சமவெளி நகரங்களுக்கு அது பொருந்தலாம். பெரும்பாலான பெட்டிகளில் இயக்குவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே குறிதான். மலையில் மின்சாரம் போய்த் திரும்பும்போது எங்கள் செட்டாப் பெட்டி தானாக விழித்துக்கொள்ளும். டிவி உறங்கிக் கிடக்கும். அப்போது அந்த ஒற்றைப் பொத்தானை அழுத்தினால் டிவி விழிக்கும், பெட்டி உறங்கிப்போகும். மறுபடி அழுத்தினால் நேர்மாறாக. இந்த ஆட்டத்துக்கு முடிவில்லை. ஆகவே செட்டாப் பெட்டியை எப்போதும் விழித்தபடியே விட்டு, டிவியை மட்டும் இயக்கும்படி வைத்தோம். எட்டே பொத்தான்கள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம், மேலே ரப்பர். அப்பாவின் இடக்கைக்கு அது பொருந்தியது.

*

ரிமோட்டில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. வேறுபாடு வீட்டில்தான் எழுந்தது.

தம்பியின் திட்டம் வருமாறு: எல்லா விளக்குகளும் வைஃபையில் இயங்கும், விசிறியும் நீர் மோட்டாரும் அவ்வாறே, கூடத்திலும் படுக்கையறையிலும் காமிரா, எல்லாவற்றுக்கும் ஒரே செயலி, அது அவன் கைப்பேசியிலும் என் கைப்பேசியிலும். அவனைக் குறைசொல்ல மாட்டேன். முந்நூறு கிலோமீட்டருக்குள் இருந்துகொண்டே தந்தை விழுந்த செய்தியை மறுநாள் காலையில் கேட்டறிந்த மகனின் அச்சம் அது. தொழில்நுட்ப நோக்கிலும் அவன் சொன்னவை நடக்கக்கூடியவையே. நம்மூர்ச் சுவிட்சுப் பலகைகளில் பிளக்கும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் கம்பி பெரும்பாலும் பலகைக்குள்ளேயே வந்திருக்கும். அமெரிக்கப் பழைய வீடுகளில் இருக்கும் பெருந்தொல்லை நமக்கு அவ்வளவாக இல்லை.

வெள்ளோட்டமாக இரண்டு வைஃபை விளக்குகள் மட்டும் மாட்டப்பட்டன. மூன்றாம் நாள் நள்ளிரவுக்கு மேல் மின்சாரம் போய், விடியுமுன் வந்தது. மின்சாரம் வந்தவுடன் முழு வெளிச்சத்தில் எரிவது அவ்விளக்குகளின் இயல்பு. உறக்கத்திலிருந்த அப்பாவின் முகத்தில் அது எரிந்தது. சுவரிலுள்ள சுவிட்சில் அணைத்தார். மறுநாள் மாலை பெங்களூருவிலிருந்து தம்பி எத்தனை முறை விரலால் தட்டியும் விளக்கு எரியவில்லை. சுவிட்சே அணைந்திருக்கும்போது விளக்குக்குச் செய்தி எப்படிச் சேரும்? அமைப்புகளில் மாற்றிச் சரிசெய்யக்கூடியதுதான் முதற்குறை. இரண்டாவதைச் சரிசெய்ய வேண்டுமானால் சுவரிலுள்ள சுவிட்சைத் தொடக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லவேண்டும். அவர் வீட்டில், அவர் சுவரில், அவர் சுவிட்சை.

"ஏம்மா, விளக்கு என்கிட்ட இருக்கா, அவன்கிட்ட இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இக்கேள்விக்கு உலகச் சந்தையில் ஒரு மூன்றாவது விடையும் உண்டு: விளக்கு இருவரிடமும் இல்லை, எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. ரிவால்வ் என்னும் வீட்டுத் தன்னியக்கக் கருவியை நெஸ்ட் நிறுவனம் 2014இல் விலைக்கு வாங்கி, 2016 மே மாதத்தில் அதன் சேவையகத்தை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் வெறும் பிளாஸ்டிக் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சேவையகங்கள் முன்னறிவிப்பின்றி அணைந்தன. யுனிவர்சல் ரிமோட்டுகளில் புகழ்பெற்றிருந்த ஹார்மனி வரிசையின் உற்பத்தியை லாஜிடெக் 2021இல் நிறுத்தியது. இவற்றுக்கு மாற்றாக, வீட்டுக்குள்ளேயே இயங்கி வெளியுலகைச் சாராத ஹோம் அசிஸ்டன்ட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் 2013 முதல் வளர்ந்து வருகின்றன. தம்பி அதையும் முன்மொழிந்தான். நல்ல யோசனைதான். ஆனால் அது பழுதானால் நிமிர்த்தி வைக்க ஒருவர் போளூர் வழியாக மலையேறி வரவேண்டும்.

*

இவ்விடத்தில் அதே மலையிலிருக்கும் இன்னொரு வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். காவலூரில் 1968 முதல் வானாய்வு நடந்து வருகிறது. அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கிதான் 1972இல் வியாழனின் துணைக்கோளான கனிமீடுக்கு வளிமண்டலச் சுவடு இருப்பதைக் காண உதவியது. 2.34 மீட்டர் பெருந்தொலைநோக்கிக்கு, அதை உருவாக்கப் பாடுபட்டு அது முடியுமுன்பே 1982இல் மறைந்த வைணு பாப்புவின் பெயரை 1986இல் சூட்டினார்கள். மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன்.

காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கில் ஹன்லே என்னுமிடத்தில் இன்னொரு தொலைநோக்கி இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரம், மூச்சே சிரமம். ஆகவே அந்த 2 மீட்டர் தொலைநோக்கியை பெங்களூருவை அடுத்த ஹோஸகோட்டையில் அமர்ந்து, செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக இயக்குகிறார்கள். நம் நாட்டின் மிக நீளமான ரிமோட்டுகளுள் ஒன்று அது என்று சொல்லத் தோன்றுகிறது. தம்பி இச்செய்தியை எனக்கு எதிராகவே எடுத்துக்காட்டினான்: "ஹன்லேயையே ஹோஸகோட்டையிலிருந்து ஓட்டறாங்க. ஜமுனாமரத்தூர் எம்மாத்திரம்?"

உண்மை. ஆனால் ஹன்லேயிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் குளிரில், அந்த உயரத்தில், மின்சாரத்தையும் கருவிகளையும் கவனித்துக்கொள்ளும் பணியாளர்கள். தொலைவிலிருந்து இயக்குவதற்கும் அருகில் ஒருவர் தேவை. தொலையியக்கம் தொலைவை ஒழிப்பதில்லை; அருகிலிருப்பவரின் உழைப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது, அவ்வளவே. அப்பாவின் வீட்டில் அருகிலிருப்பவர்கள் இருவர்: ஒருவர் அப்பா. இன்னொருவர், காலையும் மாலையும் வந்து சமைத்துத் தரும் பக்கத்துச் சிற்றூர்ப் பெண்மணி. தம்பியின் செயலியில் இவ்விருவருக்குமே இடமில்லை.

தமிழில் சுட்டெழுத்துகள் மூன்று என்கிறது தொல்காப்பியம்: அ, இ, உ. அகரம் சேய்மைக்கு, இகரம் அண்மைக்கு. இடைப்பட்டதற்கு உகரம். தமிழகத்துப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழில் 'உது', 'உவன்', 'உங்கை' என்று இன்றும் உயிரோடிருக்கிறது. அங்கே 'உது' என்பது பெரும்பாலும் கேட்பவருக்கு அருகிலுள்ளதைச் சுட்டும். எனக்கு அருகிலுள்ளது 'இது'. இருவருக்கும் அப்பாற்பட்டது 'அது'. உனக்கு அருகிலுள்ளது 'உது'. ஒரு பொருள் என்னிடமில்லை, ஆனால் யாருமற்ற தொலைவிலும் இல்லை, என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் உன்னிடத்தில் இருக்கிறது என்பதை ஓர் எழுத்தால் சொல்லிவிட முடிந்த மொழி நம்முடையது.

கைப்பேசிச் செயலி, தொலைவிலுள்ள வீட்டை 'இது' ஆக்கித் தருகிறது. விரல் நுனியில் விளக்கு. அதன் கவர்ச்சியே அதுதான். ஆனால் நாங்கள் இயக்க நினைத்த வீடு எங்களுக்கு 'இது' அன்று. கைவிட்டுவிடும் அளவுக்கு 'அது'வும் அன்று. அது அப்பாவுக்கு அருகிலிருப்பது. உது. அவரைக் கேட்டு, அவர் வழியாக மட்டுமே நாங்கள் தொடக்கூடியது.

*

இறுதியில் நாங்கள் அமைத்தவை இவை. கற்கும் ரிமோட் ஒன்று, அதே பாடத்தைக் கற்ற மாற்று ரிமோட் ஒன்று. கட்டிலிலிருந்து கழிவறை வரையிலான வழியில், உடல் வெப்பத்தின் அசைவை உணர்ந்து தானே எரியும் மூன்று சிறு விளக்குகள். மின்கலத்தில் இயங்குபவை, வைஃபை வேண்டாதவை. கட்டிலருகே ஓர் இருவழிச் சுவிட்ச். மாடிப்படிகளில் காலங்காலமாக நாம் பயன்படுத்துவதுதான். கதவோர விளக்கை அங்கிருந்தும் இங்கிருந்தும் இயக்கலாம், இருவரில் எவர் கடைசியாகத் தொட்டாலும் அவர் சொல்லே செல்லும். தன்னியக்கம் என்னும் சொல் பிறக்குமுன்பே மின்தச்சர்கள் கண்டுவைத்த நயமான தீர்வு அது.

கிணற்று மோட்டாருக்குச் சிம் பொருத்திய ஸ்டார்ட்டர். இது உழவர்களிடையே பரவலாகப் புழங்குவது. வேளாண் பொறியியல் துறை மானியமும் அளித்துவருகிறது. இரவு மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் பாம்புக்கும் பன்றிக்கும் நடுவே வயலுக்கு நடந்தவர்களுக்குக் கைப்பேசி மோட்டார் என்பது சொகுசன்று. பதிவுசெய்த எண்களிலிருந்து அழைத்தால் மட்டுமே அது பணியும். அப்பா தம் எண்ணைப் பதியச் சொன்னார்; அடுத்து அப்பெண்மணியின் எண்ணை. தம்பியின் எண்ணும் என் எண்ணும் பதியவேண்டுமா என்று கேட்டதற்குச் சற்று யோசித்து, "பதிஞ்சு வை. ஆனா போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஃபோன் பண்ணு. தொட்டி ரொம்பியிருக்கும்" என்றார்.

காமிரா வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தம்பி விடவில்லை. காமிராவுக்குப் பதிலாக, டிவி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று காட்டும் பிளக் ஒன்றை மாட்டலாம். காலைச் செய்தி நேரத்தில் டிவி ஓடினால் அப்பா எழுந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம் என்றான். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் தனித்து வாழும் முதியோருக்கு இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. கண்ணியமான வழி என்றே எனக்கும் பட்டது. அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் எழுந்தேனான்னு டிவியைக் கேக்காதடா. என்னைக் கேளு."

ஆகவே நாள்தோறும் காலை ஏழு மணிக்குத் தம்பி அழைக்கிறான். கைப்பேசிக் கோபுரம் செயலிழந்த நாள்களில் அழைப்பு போவதில்லை. அப்போது அப்பெண்மணி மேட்டின்மேல் ஏறி அலை கிடைக்குமிடத்திலிருந்து ஒரு சொல் சொல்கிறார். மழைக்காலத்தில் இரண்டு நாள் எதுவும் கிடைக்காத இடைவெளியும் வந்ததுண்டு. அந்த இரண்டு நாளும் தம்பி உறங்கவில்லை என்பதை அறிவேன், நானும்தான். காமிரா இருந்திருந்தாலும் அது அதே கோபுரத்தைத்தான் நம்பியிருந்திருக்கும் என்று அவனுக்குச் சொன்னேன். அது உண்மைதான் என்றாலும் அச்சத்துக்கு அது மருந்தாகாது.

வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த பக்கவாதம் வந்தால் எந்த ரிமோட்டும் போதாது என்பதை மூவரும் அறிந்திருக்கிறோம். அப்பா அதையும் ஒருநாள் தாமாகவே பேசினார். எந்த நிலை வந்தால் இறங்கி வருவதாகத் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது டிவியின் ஒலியைக் குறைத்துவிட்டுச் சொன்னாராம். இடக்கையால், ஒரே அழுத்தில்.